மேளகாரர் வராத முகூர்த்தம்

மணவறையில் ஐயர் இருந்தார். அவருக்கு முன்னால் மாப்பிள்ளை. பக்கத்தில் தோழன். கீழே முதல் வரிசையில் மாப்பிள்ளையின் தாய். உடுப்பு மாற்றும் அறையில் என் மகள், கூறைச்சேலை உடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறை வாசலில் என் மனைவி. மண்டபத்தின் மூலையில், கறுப்புத் துணி போர்த்த மேசைக்குப் பின்னால், தொப்பி போட்ட ஒரு வெள்ளைத் தாடிக்காரர். தெருவாசலில் நான். கதிரைகள் நிறையச் சனம். மேளகாரர் மட்டும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம், ஒரு ஞாயிறு காலை. லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் உள்ள மண்டபம். என் ஒரே மகளின் கலியாணம்.

நான் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாடிக்காரர். அவர் டிஜே. பின்னேர விருந்துக்குப் பாட்டுப் போட மகள் பிடித்த ஆள். மகளுக்குக் கவுன்சிலில் வேலை. அங்கே இளைஞர் நிலையத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பழக்குகிறவர் அவர். எனக்குத் துளியும் விருப்பமில்லை.

"எங்கட பொடியள் எத்தினை பேர் டிஜே செய்யிறாங்கள். நீ போய் ஒரு கிழவனைப் பிடிச்சுக்கொண்டு வாறாய். காதில மிஷின் வேற" என்றேன்.

"அப்பா, அவரைப் பற்றிப் புத்தகத்திலயே எழுதியிருக்கு."

"புத்தகத்தில எழுதினால் காது கேக்குமோ?"

மகள் சிரித்தாள். ஆளை மாற்றவில்லை.

கலியாணத்துக்கு முந்தின மாதம் அவர் செவன் கிங்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார். தேத்தண்ணி குடித்தபடி தன் கதையைச் சொன்னார். எனக்கு விளங்கினது இவ்வளவு.

பூர்வீகம் போர்ட்டோ ரிக்கோ. வளர்ந்தது நியூயோர்க். வீட்டில் ஸ்பானிஷ். அவர் பொடியனாக இருந்த காலத்தில்தான் அங்கே தெருவில் ஹிப் ஹாப் தொடங்கியது. பாட்டுகளில் மேளம் மட்டும் தனியே வருகிற ஒரு இடம் இருக்குமாம். சனம் ஆட எழும்புவது அதற்குத்தான். ஆனால் சட்டென்று முடிந்துவிடும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்குவார்களாம். ஒன்றில் மேளம் முடியும்போது மற்றதைத் தொடக்கிவிட்டு, அதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குச் சுற்றி வைக்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி. ஆடுகிறவன் களைக்கும்வரை மேளம் நிற்காது.

அதைத் தொடங்கியவர்கள் கறுப்பினப் பொடியன்கள். ஸ்பானிஷ் வீடுகளிலிருந்து போய் அந்த மேசைக்குப் பின்னால் முதலில் நின்ற ஒரு சிலரில் இவரும் ஒருவர். "இது உன்னுடையது இல்லை" என்று அங்கே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்தால் தாய் ஏசுவாராம், எங்களிடம் இல்லாத மேளமா, எதற்கு அந்தச் சத்தம் என்று. இவர் தாயின் பெட்டியிலிருந்த பழைய தட்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்து, அதேபோல இன்னொன்றும் வாங்கி, அதிலிருந்த கொங்கா என்ற கைமேளத்தைத் தெருவில் சுற்றினார். சனம் ஆடியது. அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தாய் மட்டும் கடைசிவரை வந்து பார்க்கவே இல்லை.

பிறகு ஜப்பான், ஜேர்மனி என்று நாடு நாடாகப் போனார். முன்னால் நின்று பாடினவர்கள் பெயர் எடுத்தார்கள். இவர் பின்னால் நின்றார். லண்டனில் கலியாணம் கட்டி இங்கேயே இருந்துவிட்டார்.

"தொடக்கத்தில் தெருவிளக்குக் கம்பத்தில்தான் கரண்ட் எடுத்தோம்" என்றார்.

நாங்கள் ஊரில் யுத்தகாலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம் என்றேன். எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதும் எனக்கு அவர் வேண்டாம் என்றுதான் இருந்தது.

கலியாணத்தன்று பின்னேர வேலைக்குக் காலையிலேயே வந்து சாமானை இறக்கினார். சனம் வர முதல் மண்டபத்தின் சத்தத்தைக் கேட்க வேண்டும், அது தன் பழக்கம் என்றார். போய்விட்டுப் பிறகு வரச் சொல்ல மனம் வரவில்லை. மூலையில் இருக்கட்டும் என்று விட்டேன்.

மேளகாரர் இதோ வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே தாரை வார்த்து முடிந்தது. மகள் கூறை மாற்றப் போனாள். அப்போதுதான் நாதஸ்வரக்காரர் போன் எடுத்தார்.

"அண்ணை, எம் 25 ரோட்டில நிக்கிறம். முன்னுக்கு ஒரு லொறி பிரண்டு கிடக்கு. வான் ஒரு அடியும் அசையேல்ல. குறை நினையாதேங்கோ."

ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. "போனில கெட்டிமேளம் இருக்கு. லண்டனில எல்லா ஐயர்மாரும் வச்சிருக்கிறம். போட்டுச் சமாளிப்பம்" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் அதைக் கேட்டுவிட்டா. எழும்பி வந்தா.

"சம்பந்தி, ரெக்கோடில தாலி கட்ட நான் விடமாட்டன்."

"நேரம் போகுது அம்மா" என்றார் ஐயர்.

"போகட்டும். மூத்தவன்ர கலியாணத்தில இப்பிடித்தான் போட்டவை. அரைவாசியில ரெக்கோட் முடிஞ்சு போச்சு. தாலி இன்னும் கழுத்தில ஏறேல்ல. மண்டபம் கப்சிப். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் பெரிசாத் தும்மினார். இண்டைக்கு அவன் தனியத்தான் இருக்கிறான். இவனுக்கும் அது நடக்கக் கூடாது."

அவ சண்டைக்கு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. தாலி ஏறும் நேரம் கெட்ட சத்தம் காதில் விழக் கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் கெட்டிமேளம் கொட்டுகிறோம். அவ சொன்னதில் பிழை இல்லை. அந்த முகூர்த்தம் தப்பினால் அடுத்தது ஐப்பசியில். சாப்பாடு ஆயத்தம். சனம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.

"இஞ்சேருங்கோ, மரம் மாதிரி நிக்காமல் ஏதாவது செய்யுங்கோவன்" என்றா என் மனைவி.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, டிஜே அங்கிளிட்டப் போங்கோ. மேளத்தை முடிய விடாமல் வச்சிருக்கிறதுதானே அவற்ற தொழிலே."

போனேன். என்னுடையது கடை இங்கிலிஷ். மேளம் இருக்கிறது, ஆனால் நீளம் காணாது, தாலி கட்டி முடியும்வரை நிற்கக் கூடாது என்று சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"தொடங்கச் சொல்வது யார்? நிறுத்தச் சொல்வது யார்?"

ஐயரின் கையைக் காட்டினேன்.

"அது போதும்" என்றார்.

ஐயரின் போனிலிருந்து அதைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்தார். அந்த ரெக்கோட் அரை நிமிடமும் வராது. காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஹெட்போனை நன்றாகக் கேட்கிற மற்றக் காதில் வைத்து இரண்டு தரம் கேட்டார். நடுவில் தவில் உறுதியாக ஓடுகிற ஒரு துண்டைப் பிடித்தார். இப்போது பாட்டு கம்ப்யூட்டரில் இருந்தாலும் அவருக்குக் கைவைக்க இரண்டு தட்டு வேண்டும். இரண்டிலும் அதே துண்டை ஏற்றினார்.

மாப்பிள்ளையின் தாய் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

"காது கேளாத மனுசன். எங்கட மேளம் இவருக்கு என்ன தெரியும்?"

அவருக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார் போல. "இந்தப் பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்" என்றார். ஸ்பீக்கரை மெல்லமாகத் திறந்து தொடங்கினார்.

மேளம் முடியும்வரை அவ காத்து நின்றா. முடியவில்லை. தலையைச் சரித்துக் கேட்டா. அவருடைய கை மட்டும் ஒரு தட்டிலிருந்து மற்றதற்குப் போய் வந்தது.

"எங்க முடியுது?" என்று என்னைக் கேட்டா.

"தெரியேல்ல."

இன்னும் கொஞ்சம் நின்றா. பிறகு ஐயர் பக்கம் திரும்பினா. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றா.

மகள் வந்து இருந்தாள். ஐயர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். மூலையிலிருந்து மேளம் எழும்பியது. நெஞ்சில் அடித்தது. சனம் அட்சதையாக அறுகரிசி எறிந்தது.

எங்கள் தாலிக்கொடி முடிச்சுப் போடுவதில்லை. தடித்த பவுண் கொடி, பின்கழுத்தில் சுரை என்கிற திருகாணியைத் திருகிப் பூட்ட வேண்டும். சுரை ஏறவில்லை. பூச்சடை குறுக்கே நின்றது. மாப்பிள்ளையின் தங்கச்சி சடையைத் தூக்கிப் பிடித்தாள். சுரை பிழையாக ஏறி இறுகியது. மாப்பிள்ளை திரும்பக் கழற்றினார். சனத்தின் கையில் அரிசி முடிந்துவிட்டது. வெறுங்கையோடு நின்றார்கள்.

நான் டிஜேயைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. கை தன் பாட்டில் போய் வந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒருவருக்கும் கேட்டிருக்காது.

சுரை ஏறியது. ஐயர் கையை இறக்கினார். மேளம் நின்றது. பாதியில் வெட்டினதுபோல் இல்லை. ஒரு தவில்காரர் அடித்து முடித்ததுபோலவே நின்றது.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா.

மேளகாரர் பந்திக்கு வந்து சேர்ந்தார்கள். தவில்காரர் நேரே மூலைக்குப் போய் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "அண்ணை, ஒட்டின இடம் எனக்கே பிடிபடேல்ல" என்று என்னிடம் சொன்னார்.

மேளகாரருக்கு வேட்டி சால்வை வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். தட்டில் ஆயத்தமாக வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் தாய் அந்தத் தட்டை எடுத்து என் கையில் தந்தா. "அந்தாளுக்கு முதல் குடுங்கோ" என்றா. கொண்டுபோய்க் கொடுத்தேன். இது எதற்கு என்று அவர் கேட்டார். மேளம் வாசிக்கிறவருக்குக் கொடுப்பது என்றேன்.

அவர் சால்வையை மடியில் வைத்து அதன் கரையை விரலால் தடவினார். பிறகு, "என் அம்மா என்னைத் தட்டுச் சுற்றுகிறவன் என்றுதான் சொல்லுவா" என்றார். நான் அவருக்கு இன்னொரு வடை எடுத்து வைத்தேன்.

இப்போது யாராவது தன் வேலையைப் பற்றிச் சொன்னால் முடியும்வரை கேட்கிறேன், அன்றைக்கு அவர் என் வீட்டில் இருந்து சொன்னதை நான் அரைக்காதால் கேட்டபடியால். போன கிழமையும் கலியாண வீடியோவைப் போட்டேன். அதில் அவருடைய மூலையும் தெரிகிறது. ஒட்டு காதுக்குப் பிடிபடவே இல்லை. மேளம் தொடங்கி என் மகளின் கழுத்தில் சுரை ஏறும்வரை அவருடைய கை தட்டு மாறியதைக் கண்ணால் பார்த்து எண்ணினேன். பதினேழு தரம்.