எழுபத்தோரு சதவீதம்

புதுக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அன்புமொழி கணினித் துறைத் தலைவர். திருக்கோகர்ணத்தில் வீடு. இருபத்திரண்டு வருட வேலையில் கண்டிப்புக்குப் பேர் எடுத்தவர். இணையவழி எம்.சி.ஏ. படிப்பை வடிவமைக்கும் பொறுப்பை இயக்குநர் ஆவுடையப்பன் அவரிடம் கொடுத்ததும் அதனால்தான்.

நான்கு செமஸ்டருக்கான பாடங்களையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டார். ஒரு பக்கம்தான் மிச்சம். ‘இந்தப் படிப்பில் சேரப்போகிறவர் யார்? அவருடைய ஒரு நாளை விவரிக்கவும்’ என்று படிவம் கேட்டது. கற்பனையாக ஓர் ஆளை எழுதினால் போதும். பெண், வயது இருபத்திரண்டு, கடற்கரை ஊர், படுத்த படுக்கையாக அம்மா, ஊருக்குப் போக ஐந்து மணி பஸ் என்று வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தவரின் கை நின்றுவிட்டது. அவர் எழுதிக்கொண்டிருந்தது மர்யத்தை.

மர்யம் ஒன்பது வருடத்துக்கு முன்பு கோட்டைப்பட்டினத்திலிருந்து தினமும் வந்துபோன மாணவி. அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால் மூன்றாம் செமஸ்டரில் அவளுடைய வருகைப்பதிவு எழுபத்தோரு சதவீதமாகிவிட்டது. எழுபத்தைந்து வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் தேர்வு எழுதலாம், விதியில் அதற்கு இடமிருந்தது. ஒருத்திக்குப் போட்டால் எல்லோரும் வருவார்கள் என்று அன்புமொழி மறுத்துவிட்டார். அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. கையெழுத்து கேட்டு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு வெளியே சுவரோரமாக நின்றாள். ஐந்து மணிக்குப் பார்த்தபோது ஆள் இல்லை. அதன்பிறகு வரவேயில்லை.

இதை அன்புமொழி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வருகைப்பதிவுப் பட்டியல் மேசைக்கு வரும்போதெல்லாம் கண் தானாக வாசல் பக்கம் போகும். சுவரோரம் யாரோ நிற்பது போலிருக்கும். பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படித் தோன்றும். வேறு கட்டடத்துக்கு மாறிய பிறகும் அது விடவில்லை.

விதிமுறைப் பக்கத்தில் நேரலை வகுப்புக்கு எழுபத்தைந்து சதவீதம் கட்டாயம் என்றிருந்த வரியை அவர் அழித்தார். தேர்வைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது தேதி உண்டு என்று சேர்த்தார். ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை.

“இம்புட்டுத் தளர்த்திவிட்டா டிகிரிக்கு என்னங்க மேடம் மரியாதை?”

“பரீட்சை கஷ்டமாவே இருக்கட்டுங்க சார். உக்காரவே விடாம அனுப்பக் கூடாது.”

இரண்டு கூட்டம் நடந்தது. வருகைப்பதிவை அறுபதாகத்தான் குறைத்தார்கள். இரண்டாவது தேதி தப்பித்தது.

சேர்க்கை அறிவிப்பு வந்த வாரம், பழைய கோப்பிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு அன்புமொழி கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். கதவைத் திறந்தது மர்யத்தின் உம்மா ரம்லத் பீவி. இப்போது நன்றாக நடந்தார். மர்யம் கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் என்றார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் படுக்கையில விழுந்ததாலதான் எம்மக படிப்பு போச்சு டீச்சரம்மா. அவ ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்குத் தெரியாதா?”

கையெழுத்து விஷயத்தை மர்யம் வீட்டில் சொல்லவே இல்லை. கொண்டுவந்த சேர்க்கை நோட்டீசை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அன்புமொழிக்கு ஒரு கணம் தோன்றியது.

“ஒங்களால இல்லீங்க,” என்றார். “அவ பரீட்சை எழுதிருக்கலாம். நான்தான் கையெழுத்துப் போடல.”

ரம்லத் பீவி பிடித்திருந்த கையை விட்டார். பிறகு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நோட்டீசை வாங்கி மடித்துக்கொண்டார். மகளிடம் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முதல் வருடம் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். கடைசி நாள்வரை அன்புமொழி தினமும் பட்டியலைத் திறந்து தேடினார். ஷார்ஜாவிலிருந்து எதுவும் வரவில்லை. மணமேல்குடியிலிருந்து ஒரு பெண், தேர்வு நேரத்தில் தனக்குப் பிரசவம் இருக்கும், என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தாள். இரண்டாவது தேதியைக் குறிப்பிட்டு, அன்றே அவளுக்குப் பதில் போட்டார்.