பேனாக்கத்தியால் சுரண்டிய சங்கு

எழுபதுகளின் நடுப்பகுதியில், பாண் ரொட்டிக்கு விடியவே கடை வரிசையில் நின்ற அந்த நாட்களில், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலைக்கு வடக்கே சல்லிக் கடலில் இது நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் மிதவைகளின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களோடு கதைப்பதென்றால் எனக்குக் கூச்சம். வேலைத்தலத்தில் நாலு சொல்லுக்கு மேல் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் எத்தனையோ.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன் தொட்டி. லிங்கநகர் வீட்டின் முன்னறையில், யன்னல் கண்ணாடிகளை இரும்புச் சட்டத்தில் புட்டி வைத்துப் பொருத்தி நானே செய்த தொட்டி அது. கடல் தண்ணீர் நிரப்பி, பவளப் பாறையில் உடைந்த முருகைக்கல் அடுக்கி, கடலிலிருந்து பிடித்து வந்த சின்ன மீன்களை விட்டிருந்தேன். தொட்டிக்குக் காற்று விடும் இயந்திரம் அந்த நாளில் கடைகளில் கிடையாது. லொறி ரியூப் ஒன்றுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, சேலைன் ஏற்றுகிற மெல்லிய குழாயை அதில் பொருத்தி, குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் விடுவேன். சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். நான் வேலைக்குப் போனால் மனைவி அடிப்பாள். "உங்கட மீனுக்குக் காத்தடிச்சே என்ர கை ஓஞ்சு போச்சு" என்பாள். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் கடல் வற்றுவதும் பெருகுவதும் ஒன்றரை முழத்துக்கு மேல் இருக்காது. வருடத்தில் சில நாட்கள்தான், அதுவும் ஆவணி புரட்டாசியில், நல்லாக வற்றிப் பாறையின் முதுகு வெளியே தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்து, கல்லின் கீழும் பொந்துக்குள்ளும் பார்க்கலாம். நுளம்பு வலைத் துணியில் தைத்த கை வலை, அடியில் கண்ணாடி பதித்த பலகைப் பெட்டி, ஒரு வாளி. இவ்வளவுதான் என் சாமான்கள்.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் முன்பு, இப்படி ஒரு வற்று நாளில் விரல் நீளச் சங்கு ஒன்றை எடுத்து வந்தேன். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும் வகை. மேலே அழுக்குப் போல ஒரு தோல். அதன் கீழே மண்ணிறத்தில் யாரோ கீறி வைத்தது போலக் கோடுகள். அழகுக்காகத் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரம், அதன் ஒடுங்கிய முனையிலிருந்து நூல் போல ஒன்று நீண்டதைக் கண்டேன். பக்கத்தில் நின்ற மீனை அது தொட்டது. தொட்ட அந்தக் கணமே மீன் துடிக்கக்கூடச் செய்யாமல் விறைத்துப் போயிற்று. சங்கு வாயைப் புனல் போல விரித்து அதை முழுதாக விழுங்கியது. அந்தச் சங்கைத் துணியால் சுற்றித் தூக்கித் திரும்பவும் கடலில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு அந்த வகைச் சங்கைக் கண்டால் கை வைப்பதில்லை. இதை மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எங்கள் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் பார்க்க வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு ஒரு மணித்தியாலம் இருந்தார். தன் வீட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அதற்கு மீன் பிடிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம்.

அவரிடம் படங்கள் போட்ட இங்கிலிசுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது பெரிய சந்தோசம். இத்தனை வருடமாக நான் பெயர் தெரியாமல் பார்த்தவற்றுக்கெல்லாம் பெயர் இருந்தது. அந்தத் துணிவில் நானும் ஒன்று சொன்னேன். பாறை வெடிப்பில் இதழ் இதழாக விரிந்து ஆடிய ஒன்றைக் காட்டி, "இந்தக் கடல் பூவுக்குள்ளதான் சேர், வெள்ளைப் பட்டி போட்ட மீன் ஒளிச்சிருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அண்ணை, இது பூவில்லை. பிராணி. வாய் இருக்கு, வயிறு இருக்கு. இவ்வளவு நாளும் பூவெண்டோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. இனி வாயைத் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் இடது கையில் அந்தச் சங்கு இருந்தது. அதே வகை. "மேல அழுக்குப் பிடிச்சிருக்கு. உள்ளுக்கு நல்ல கோலம் இருக்கும்" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். சங்கை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தோலைச் சுரண்டத் தொடங்கினார்.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். விறைத்த மீன் கண்ணுக்குள் வந்தது. "சேர்" என்றேன்.

"என்ன அண்ணை?"

புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது. பூ என்று சொன்னவன் இப்போது சங்கு கடிக்கும் என்று சொன்னால் என்ன நினைப்பார்? "ஒண்டுமில்லை சேர்" என்றேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "ச்சு" என்று கையை உதறினார். சங்கு தண்ணீரில் விழுந்தது. "ஏதோ குத்தினது. குளவி கொட்டின மாதிரி" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அது நஞ்சு, சேர். கரைக்குப் போவம்."

"சங்குக்கு நஞ்சோ?" மறுபடியும் சிரித்தார். "தண்ணி இன்னும் வத்தித்தானே கிடக்கு. பயப்பிடாதையுங்கோ."

ஆனால் வாளியைத் தூக்கப் போனவர் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் விறைக்கிறது என்றார். பிறகு உதடு விறைக்கிறது என்றார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. பாறைக்கும் கரைக்கும் இடையே நெஞ்சளவு தண்ணீர். அதைக் கடக்கும்போது அவருடைய கால்கள் மடியத் தொடங்கின. தோளில் போட்டுச் சுமந்து கரையில் கொண்டுபோய்க் கிடத்தியபோது கண் இமைகள் தாமாக மூடிக்கொண்டன. ஏதோ சொன்னார். சொல் குழம்பி வந்தது.

தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறந்தது முதல் ஒருவரையும் உரத்துக் கூப்பிட்டுப் பழகாதவன். அவர்கள் வலை இழுக்கிற பாட்டான அம்பாவை உரக்கப் பாடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவரை மணலில் விட்டுவிட்டு ஓடினேன்.

வலையின் சொந்தக்காரர், அவர்கள் சம்மாட்டி என்று கூப்பிடுகிறவர், கயிற்றின் முன்னால் நின்றார். மூச்சு வாங்க அவர் முன்னால் நின்று, "ஒராள் சாகப் போறார்" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு நான் காட்டிய திசையைப் பார்த்தார். "கயித்தை விடுங்கோடா" என்றார்.

"வலை மடி கிட்ட வந்திட்டுது அண்ணே. இப்ப விட்டா அவ்வளவு மீனும் போயிடும்" என்றான் ஒருவன்.

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியோ? விடு எண்டா விடு."

விட்டார்கள். எட்டுப் பேர் ஓடி வந்து ஆசிரியரைத் தூக்கினார்கள். மீன் ஏற்றுவதற்காகக் கிண்ணியா முஸ்லிம் வியாபாரி ஒருவர், அண்ணன் என்ற கருத்தில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், லொறியோடு வீதியில் நின்றார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஐஸ் பொட்டியத் தள்ளிட்டு அவரப் படுக்க வைங்க" என்றார். லொறியை எடுத்தபடியே, "இண்டைக்கு எனக்கும் மீனில்ல, உங்களுக்கும் மீனில்ல" என்று பக்கத்தில் ஏறியிருந்த சம்மாட்டியைப் பார்த்துச் சொன்னார். சம்மாட்டி, "நீ றோட்டைப் பார்த்து ஓடு காக்கா" என்றார். நான் பின்னால் ஆசிரியரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவர அது தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். "என்ன கடிச்சது?" என்று கேட்டார்.

"கடல் பாம்பாத்தான் இருக்கும் ஐயா" என்றார் சம்மாட்டி. டொக்டர் தாதியிடம் பாம்புக் கடி மருந்தை எடுக்கச் சொன்னார்.

நான் முன்னால் போனேன். "பாம்பில்லை. சங்கு" என்றேன்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. என் தொட்டியில் கண்டதைச் சொன்னேன். நூல் போல வந்தது, மீன் விறைத்தது, எல்லாம். அவர் ஆசிரியரின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஊசி குத்தியது போல ஒரே ஒரு புள்ளி. கொஞ்சம் யோசித்துவிட்டு, பாம்புக் கடி மருந்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். "தசையெல்லாம் சோர்ந்துபோச்சு. மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு. நஞ்சு இறங்கும் மட்டும் நாங்கள்தான் மூச்சுக் குடுக்க வேணும்" என்றார். வாய் வழியே குழாய் இறக்கி, அதன் நுனியில் ரப்பர்ப் பையைப் பொருத்தி, கையால் அமுக்கத் தொடங்கினார்.

அமுக்கிக்கொண்டே என்னைக் கேட்டார். "அவர் அதைக் கையில எடுத்ததைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"அது கொத்தும் எண்டு உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார்.

மத்தியானம் ஆசிரியரின் மனைவி கைக்குழந்தையோடு வந்தார். நடந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள், நான் தோளில் சுமந்து வந்ததை, கரைவலைக்காரரிடம் ஓடியதை. அவர் என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கள் இல்லாட்டி இவர் இல்லை அண்ணை. தெய்வம்தான் உங்களை அனுப்பினது" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கும்பிடு என் மேல் விழுந்த இடம் இன்றைக்கும் எரிகிறது.

அந்த நாளில் மூச்சுக்கு இயந்திரம் அங்கே இல்லை. தாதிமாரும் சிற்றூழியரும் மாறி மாறிப் பையை அமுக்கினார்கள். பின்னேரம் அவர்கள் கை ஓய்ந்தபோது, எப்படி அமுக்குவதென்று காட்டி என்னிடம் தந்தார்கள். கட்டில் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. நானும் அவரும் மட்டும். கண் மூடிக் கிடந்தார். நினைவில்லை என்றுதான் நினைத்தேன். நினைவில்லாதவருக்கு முன்னால் எனக்குக் கூச்சம் வரவில்லை. பையை அமுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சங்கைத் தெரியும் என்பதை, சேர் என்று கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றதை, பூ என்று சொன்னதற்குச் சிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை. அதற்காக ஒரு உயிரைப் போக விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்தப் பிள்ளை தகப்பனில்லாமல் வளர்ந்தால் நான் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பேன் என்றும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நான் கதைத்ததில்லை.

அடுத்த நாள் பகல் அவருடைய விரல் அசைந்தது. பின்னேரம் தானாக மூச்சு எடுத்தார். நாலு நாள் கழித்து, அவர் வீடு திரும்பிய பிறகு, பயத்தோடுதான் பார்க்கப் போனேன். வாசலில் நின்றே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

"சேர், நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்றேன்.

"சொல்லீட்டீங்கள்" என்றார். தொண்டை இன்னும் கரகரத்தது. "கண் திறக்க ஏலாமல் கிடந்தனான். கை கால் ஒண்டும் அசையேல்லை. ஆனா காது கேட்டது. டொக்டர் உங்களை விசாரிச்சதும் கேட்டது. நீங்கள் சொன்னதும் முழுக்கக் கேட்டது."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"நீங்கள் முதலே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனோ எண்டு யோசிச்சுப் பார்த்தன். தெரியேல்லை அண்ணை. குத்தின பிறகும் சிரிச்ச ஆள்தானே நான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா உங்களுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமெண்டு நான் நினைக்கேல்லை. ஒரு மணித்தியாலம் நிப்பாட்டாமல் கதைச்சீங்கள். எனக்கு மறுமொழி சொல்லவும் ஏலாது, எழும்பிப் போகவும் ஏலாது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் மனைவி அடுப்படிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மா இருக்கச் சொன்னபோது இருந்து, அவருக்கும் ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் தந்தார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை சல்லிக்குப் போய், தப்பிப் போன மீனுக்காகச் சம்மாட்டியிடம் வருத்தம் சொன்னேன். "அந்த மனுசன் எழும்பி இருக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் என்னைச் சமாதானப்படுத்தவே, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனோ தெரியாது என்றாரோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்பதும் விடுவதும் அவருடைய பாடு. சொல்வது என்னுடைய வேலையாக இருந்தது. அதை நான் செய்யவில்லை. அவர் என்னைவிடப் படித்தவர் என்பது உண்மைதான். என்றாலும் அந்தச் சங்கு மீனைத் தின்றதை எங்கள் இரண்டு பேரில் நான் ஒருவன்தான் கண்டிருந்தேன்.

பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இன்னும் வற்று நாட்களில் பாறைக்குப் போகிறேன். கூட வருகிறவர் யாராக இருந்தாலும், தண்ணீரில் கால் வைக்கு முன் அந்தச் சங்கைப் பற்றிச் சொல்லிவிடுவேன். சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. அந்த நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டபடி கிடந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லி முடிப்பேன்.