எங்கள் வீட்டு வைஃபையும் எதிர்க்கடை பெஞ்சும்

குற்றாலத்தில் சீசனுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களிடம் முன்பெல்லாம் வெந்நீர் உண்டா என்று கேட்டார்கள். இப்போது பையை இறக்கும் முன்பே வைஃபை உண்டா என்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். இதையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் துணையில்லாமல் வரும் பெண்களும் நம்பித் தங்கும் வீடு எங்களுடையது. அந்தப் பேர் ஒன்றுதான் என் முதல்.

பெஞ்சில் இருந்தவர்கள்

தென்காசியிலிருந்து வந்து நெட் போட்டுக் கொடுத்த அண்ணாச்சி, பாஸ்வேர்டாக என் போன் நம்பரையே வைத்தார். எனக்கு மறக்காதாம். அதே நம்பர் வாசல் பலகையில் ‘ரூம் கிடைக்கும்’ என்பதற்குக் கீழே முழ உயரத்தில் எழுதியிருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

பத்தே நாளில் எதிர் டீக்கடை பெஞ்சில் இடமில்லை. அத்தனை ஆண்களும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் பெண்கள் தங்கியிருக்கிறார்களே என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “உங்க வீட்டயா பாக்குதாங்க? பலகையில இருக்குத நம்பரப் போட்டு உங்க நெட்டுல படம்லா பாக்குதாங்க. நானுந்தான், யக்கா.”

தானாகப் பேசிய டிவி

பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அண்ணாச்சிக்கு அன்றே போன் செய்தேன். “வாரேன்” என்றார், வரவில்லை. பலகையையும் அழிக்க முடியாது, அதைப் பார்த்துத்தானே ஆட்கள் கூப்பிடுகிறார்கள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரிமோட் அலமாரியில் இருக்க, டிவி தானாக உயிர் பெற்றது. யாரோ ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிறார்கள், ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மாடியில் தங்கியிருந்த, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர் போனோடு இறங்கி வந்தார். முகத்தில் எரிச்சல். “என்ன யக்கா, போனுல வந்த மச்சினி நிச்சயதார்த்தத்த டிவியில போட்டுப் பாப்போம்னு அர மணி நேரமா அமுக்குதேன், எங்க ரூம் டிவியில ஒண்ணுமே வரமாட்டேங்குது!”

குரங்குக்கு வைத்த கேமரா

பின்கதவைத் தள்ளித் திறந்து அடுக்களைக்குள் குரங்குகள் வருவதால், கொல்லையில் ஒரு கேமரா மாட்டியிருந்தேன். அதையும் அந்த அண்ணாச்சிதான் மாட்டினார். அருவியில் குளித்துவிட்டு வரும் பெண்கள் தலை துவட்டுவதும் ஈரத்துணி காயப்போடுவதும் அதே கொல்லையில்தான். குரங்கையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

சிவகிரியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் இரண்டு தங்கைகளோடு வந்திருந்தார். கொடிக்கு நேரே கேமரா இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். நான் கொல்லையிலிருந்து உள்ளே வரவும், தன் போனை என் முன் நீட்டினார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி போர்வை பிழிகிறாள். நான்தான். சற்று முன் பிழிந்த போர்வைதான். கேமராவோடு கடையில் கொடுத்த ஒன்று, இரண்டு, மூன்று என்ற பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லையாம்.

தங்கைகள் மாடியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “உங்க நெட்டுல இருந்து எனக்கு இது தெரியுதுன்னா, எதிர்க்கடை பெஞ்சுல இருக்குதவங்களுக்கும் தெரியும்லா?”

அண்ணாச்சியின் பதில்

ஸ்டூல் போட்டு ஏறி, கேமராவை வயரோடு பிடுங்கினேன். யார் பார்த்தார்கள், யாருமே பார்க்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குப் போன் போட்டு அழுதேன். அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை. “இந்தத் தெரு பூரா அவங்கவங்க நம்பரத்தான் வச்சிக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, நீங்கதான் பெரிசு பண்ணுதீக.”

ஒவ்வொன்றாக

டீச்சரின் காலைப் பிடிக்காத குறையாக நான் கேட்டுக்கொண்டதில், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதலில் பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றினோம். பிறகு வைஃபைக்கு இரண்டு பெயர்: வீட்டுக்கு ஒன்று, தங்க வருகிறவர்களுக்கு வேறொன்று. அவர்கள் பெயரிலிருந்து எங்கள் டிவியை, கேமராவை எதையும் தொட முடியாதாம். வீட்டுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். மாற்றியதும் டிவி, என் போன் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. ஒவ்வொன்றிலும் போய்ப் புதுசைப் போட வேண்டியிருந்தது. டிவி ரிமோட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம். கேமரா, புது பாஸ்வேர்டோடு தெருவாசலுக்குப் போனது.

தங்கைகள் பையை அவிழ்த்தார்கள். கிளம்பும் நாளில் டீச்சர் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். “அடுத்த சீசனுக்கும் இங்கனதான் வருவோம் யக்கா. ஆனா அந்தக் கேமரா இருந்த ஆணியையும் பிடுங்கி வைங்க.”

ஆணியைப் பிடுங்கிவிட்டேன், குரங்குக்குப் பின்கதவில் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன், தங்க வந்தவர்கள் காலி செய்யும்போதெல்லாம் அவர்கள் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன், எதிர்க்கடை பெஞ்சும் காலியாகிவிட்டது, கடைக்காரர் எனக்கு முகம் கொடுக்காததால் டீயை மட்டும் வீட்டிலேயே போட்டுக் குடித்துக்கொள்கிறேன்.