ரத்னாபாயின் முன்பல்

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா தங்கபாய் ரத்னாபாயைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். “பல்வரிசைக்கே இவள எடுத்தாச்சு” என்று அங்கேயே சம்மதம் சொன்னாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்த வரிசையில் மேல் முன்பல் ஒன்று வேரில் சீழ் கட்டிக்கொண்டது.

ரத்னாபாயின் அப்பா ஞானையன் யார் கண்ணிலும் படாமல் அவளை ஸ்ரீவராகத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். ராமசுப்ரமணியன் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். பக்கத்துப் பல் இரண்டையும் ராவிக் கூடு போட்டு, நடுவில் ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் அசையாது, ஆனால் புண் ஆறச் சில மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். கல்யாணம் காத்திருக்குமா? கம்பிக்கொக்கி இரண்டு வைத்த, கழற்றி மாட்டும் சின்ன பிளேட்டில் ஒற்றைப்பல் வந்தது.

“புண் ஆறினா ஈறு வத்தும், பிளேட் ஆடும். ஆறு மாசத்துல வந்து சரிபண்ணிக்கணும். தூங்கறச்சே கழட்டிடணும். ஆட ஆரம்பிச்சா அதைப் போட்டுண்டு சாப்பிடவே கூடாது, கேட்டியாம்மா?” என்றார் டாக்டர்.

கேட்டாள். ஆனால் புருஷன் தாசையன் பக்கத்தில் படுத்திருக்கும்போது எப்படிக் கழற்றுவது? ஆறு மாதம் போயிற்று, பத்தும் போயிற்று. கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் மாமியார் கூடவே வந்தாள்; தனியாக டாக்டரிடம் போக வழியில்லை. பாவி மகள், தையல் நூலைக் கம்பியில் சுற்றி இறுக்கிக்கொண்டு, தன் வாய்க்குத் தானே டாக்டராகிவிட்டாள். பேசும்போது பல் லேசாக நடுங்கும். நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குத் தினமும் பயம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் சபையில் அசனம். ஆட்டுக்கறியும் சோறும் போட்டு ஊரையே உட்கார்த்தி வைக்கும் விருந்து. அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது வீட்டில்போல ஒதுக்கி ஒதுக்கி மெல்ல முடியாது. அவசர அவசரமாக ஒரு கவளம் போட்டாள். சோற்றோடு ஏதோ வழுக்கியது. நாக்கு தேடிய இடத்தில் வெறும் ஈறுதான் இருந்தது. தொண்டையில் கொக்கி மாட்டியது.

“எலும்பா பிள்ளே?” பக்கத்தில் இருந்த தங்கபாய் பதறிப்போனாள்.

சொல்லியிருக்கலாம். அப்போது அவளுக்குக் குரல் இருந்தது. ஆனால் சுற்றிலும் அத்தனை முகம். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

எலும்பு சிக்கினால் மெல்லாமல் சோற்றுருண்டையை விழுங்கவேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். தங்கபாய் நெல்லிக்காய் அளவில் ஒன்றை உருட்டினாள்.

“மெல்லாத, அப்பிடியே முழுங்கு. எறங்கிரும்.”

உதட்டைக் குறுக்கி வாங்கி விழுங்கினாள். கொக்கி கீழே போய் இன்னொரு இடத்தில் குத்தியது. மாமியார் இரண்டாவதைப் பெரிதாக உருட்டினாள். அதற்குப் பின் குரல் வரவில்லை. எச்சிலில் உப்புச் சுவை தட்டியது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ரத்னாபாய் கையை எடுத்தாள். மாமியார் முன்னால், பந்தி முழுக்கப் பார்க்க, வாயை அகலத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். விரலால் தொண்டையையும் காட்டினாள்.

தங்கபாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

“எலும்பக் கடிச்சுப் பல்லும் போச்சா எம்மக்களே! போனாப் போட்டும், அதுக்கா அழுக? டாக்டர்கிட்ட போயி வேற கெட்டிக்கலாம். மொதல்ல எலும்பு எறங்கட்டும்.”

ரத்னாபாய் வேண்டாம் என்று தலையை அசைப்பதற்குள் மூன்றாவது உருண்டை திறந்த வாய்க்குள் வந்துவிட்டது.