துணி பத்தாத கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருடம் ஒரு நிறம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் அப்பா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போய், ஒரே துணியில் வீட்டுக்கே சேர்த்துக் கிழித்து வாங்கி வந்துவிடுவார். அவருக்கும் இரண்டு அண்ணன்களுக்கும் சட்டை, அம்மாவுக்கு ஜாக்கெட், எனக்குக் கவுன். மிச்சம் விழும் துண்டில் ரேடியோவுக்கு உறை. ஆக, எங்கள் ரேடியோவும் பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்தும். சர்ச்சுக்குள் நாங்கள் வரிசையாக நுழையும்போது, “பேண்டு செட்டு வந்துருச்சு” என்று யாராவது முணுமுணுப்பார்கள். அண்ணன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்பா நிமிர்ந்துதான் நடப்பார். அவர் கணக்கு வாத்தியார். தனித்தனியாக எடுத்தால் துணி வீணாகும் என்பதை எத்தனையோ முறை எங்களுக்குத் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் ஊதாவில் மஞ்சள் கட்டம் வந்து சேர்ந்தது. அழுக்கு தெரியாது என்றார் அப்பா. அழுக்கென்ன, அந்தத் துணியைப் போட்டுக்கொண்டால் ஆளே தெரியாது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் கவுனுக்கு பஃப் கையும், கீழே இரண்டு அடுக்கு ஃப்ரில்லும் வைப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டுத் துணி எடுத்திருந்தார்.

பெரியக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவள். ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். கூட வேலை பார்த்த, பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனை இரண்டு வருடம் முன்பு ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு பரவையில் குடியேறிவிட்டாள். அவர் இந்து. அப்பா சத்தமெல்லாம் போடவில்லை. “அவ பேச்சு இனிமே இந்த வீட்ல வேண்டாம்” என்றார். துணிக் கணக்கு ஆறு பேரிலிருந்து ஐந்து பேருக்கு இறங்கியது. குடும்ப ஜெபத்தில் மூத்தது முதல் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறவர், அதன்பின் பெரியண்ணனிலிருந்து ஆரம்பித்தார். ஆரம்பிக்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். எனக்கு அக்கா நினைவு தலை பின்னும்போது வரும். அம்மா இழுக்கிற இழுப்பில் கண்ணில் தண்ணீர் முட்டும். அக்கா வலிக்காமல் பின்னுவாள்.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்த பாய்தான், நான் பிறந்ததிலிருந்து எங்களுக்குத் துணி தைப்பவர். அளவு கொடுக்க அம்மா என்னைக் கூட்டிப் போனாள். என் அளவு முடிந்ததும் பட்டன் வாங்கி வரச்சொல்லி அடுத்த கடைக்கு அனுப்பினாள். நான் திரும்பி வரும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாய் கழுத்தில் டேப்போடு, “நீங்க கவலைப்படாமப் போங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார். பஃப் கை வைப்பது அழுது கேட்க வேண்டிய அளவுக்குக் கஷ்டமான வேலைபோல என்று நினைத்துக்கொண்டேன். அம்மாமேல் பாசம் பொங்கியது.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் துணி வாங்கப் போனோம். வீட்டில் சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டு, பஞ்சு ஒட்டி, காகித நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. அச்சுமுறுக்கு டின் நிறைந்திருந்தது. என் கவுன் ஒன்றுதான் பாக்கி. பாய் அதைப் பிரித்துக் காட்டினார். பஃப் கை இல்லை, ஃப்ரில் இல்லை. தலையணை உறையில் கழுத்துக்கு ஓட்டை போட்டதுபோல் இருந்தது.

“துணி பத்தல சார்” என்றார் பாய்.

அப்பாவுக்கு அது காதில் விழக்கூடாத வார்த்தை. பாயின் சாக்பீஸை எடுத்து, துணி வெட்டும் மேசையிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஐந்து பேருக்கு ஐந்து வரி. கீழே கோடு. கூட்டல்.

“பாருங்க பாய். ஃப்ரில்லு போக, ரேடியோ உறை போக, இன்னும் கைக்குட்டைக்கு மிஞ்சணும். எங்க போச்சு?”

“வெட்டுறப்ப தப்பாயிருச்சு சார்.”

“இத்தன வருசமா ஆகாத தப்பு இப்ப எப்படி ஆகும்?”

பாய் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “துணியத் திருடிட்டாருப்பா” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன வாய் மூடுமுன் அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அம்மா அதற்குமுன் என்னை அடித்ததே இல்லை. பறிகொடுத்தவளை அடிக்கிற நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

“பிள்ளைய அடிக்காதீங்கம்மா. பண்டிகை நாளும் அதுவுமா” என்றார் பாய். என்னைப் பார்த்து, “தப்பு என் மேலதான் தாயி” என்றார். ஒப்புக்கொண்ட பிறகும் அப்பா அவரைச் சும்மா விட்டதில் எனக்கு அப்பாமேலும் கோபம்.

கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை ஐந்து மணிக்கு. ஊதா மஞ்சளில் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நுழைந்தோம். பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்து, தலையணை உறையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். போதகர் பிரசங்கத்தை முடிக்கிற மாதிரி மூன்று முறை போக்குக் காட்டினார். சலித்துப்போய்த் திரும்பிப் பார்த்தேன். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில், ஒரு தோளின்மேல், ஊதாவில் மஞ்சள் கட்டம் தெரிந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் முதலில் பார்த்தது ஃப்ரில்லை. இரண்டு அடுக்கு. அப்புறம் பஃப் கை. அப்புறம்தான் அதற்குள்ளே ஒரு குழந்தை இருப்பதைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பிறகே அதைத் தூக்கி வைத்திருப்பது பெரியக்கா என்று தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஃப்ரில் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடியும்போது பொழுது வெளுத்துவிட்டது. வாசலில் எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தில் புகுந்து ஓடி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, நம்ம துணி கிடைச்சிருச்சு. அக்கா பாப்பா போட்டிருக்கு.”

அப்பாவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே விட்டுவிட்டார். அக்கா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளுக்குப் பக்கத்தில், வாயைப் பொத்திக்கொண்டு. வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மெதுவாக நடந்துபோய்க் குழந்தைக்கு முன்னால் நின்றார். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கவுனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். சாட்சிக்காகப் பார்க்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அது பிடியைத் தளர்த்துகிறவரை அப்பா அசையாமல் நின்றார். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அக்கா அழுதாள். சத்தமே இல்லாமல், ஆனால் தோள் இரண்டும் குலுங்க. அம்மா குழந்தையை வாங்கி ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானம் பிரியாணியை அப்பா அளைந்துகொண்டே இருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்த அண்ணனைக் கண்ணாலேயே அடக்கினாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது எப்போதும் என் வேலை. கடைசியாக பாய்க்கு உள்ள தட்டை எடுத்தபோது, “அதை இப்படிக் குடு. நான் போறேன்” என்றார் அப்பா. அடித்தது யோகம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். இன்றைக்குத் திருட்டு அம்பலமாகப் போகிறது, எனக்கு ஒரு ஃப்ரில்லாவது தேறும்.

பாய் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். “சாரே வந்துட்டீங்க” என்றார். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. வெட்டும் மேசையைப் பார்த்தார். முந்தின நாள் போட்ட கணக்கு அழியாமல் கிடந்தது.

“நேத்து நான் கொஞ்சம் கூடப் பேசிட்டேன் பாய்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

அப்பா டேப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

“அந்தச் சின்னக் கவுனுக்கு உள்ள மடிப்பே விடலையே. வளர்ற பிள்ளை. அடுத்த வருசம் எப்படிப் பிரிச்சு விடுறது?”

“அம்புட்டுத்தான் சார் துணி இருந்துச்சு.”

அப்பா சாக்பீஸை எடுத்தார். கூட்டுத்தொகையை உள்ளங்கையால் அழித்துவிட்டு ஐந்து வரிக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி எழுதினார்.

“பெரிய பாப்பாவுக்கு ஒரு ஜாக்கெட் வரும்ல சார்” என்றார் பாய், முறுக்கைப் பார்த்துக்கொண்டே. பெரியக்காவை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஏழாவது வரி. எழுதிவிட்டு அப்பா கோடு போடப் போனார். பாய் லேசாக இருமினார். சாக்பீஸ் மேசைக்குமேல் வெகுநேரம் நின்றது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவர் அளவு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆளைக் கிட்டத்துல பாத்ததே இல்லையே.”

“நான் பாத்திருக்கேன் சார். உங்க அளவுதான்.”

அப்பா எட்டாவது வரியையும் எழுதி, கோடு போட்டு, கூட்டினார்.

நான் கணக்கு வாத்தியார் மகள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அப்பா, கணக்கு தப்பு. நம்ம வீட்ல அஞ்சு பேருதான்” என்றேன். அப்பா மேசையில் போட்டதை அழிக்கவில்லை. கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

என் அப்பா கணக்கில் தப்புவிட்டு நான் பார்த்தது அந்த ஒரே ஒரு தடவைதான் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.