குதிகால் செருப்பு

பயப்படுவது பானுப்ரியாவுக்குப் பழக்கமில்லாத வேலை. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் பதினாறு வருஷம் நின்றவள். ஐம்பது சேலையை விரிக்க வைத்துவிட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று எழுந்து போகும் கூட்டத்தையும் சிரித்த முகத்தோடு வழியனுப்புவாள். அவர்கள் படியிறங்கிய பிறகு, பக்கத்தில் நிற்கும் நர்கீஸிடம் நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொள்வாள், அது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவள் கட்டிலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே கிடந்த எட்டடித் தரையைப் பார்த்து நடுங்கும் நாளும் வந்தது.

தை மாதம், வேலை முடிந்து அகரத்திலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாணோடு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, இல்லாத காலின் கட்டைவிரல் அரித்தது. சொறியக் கையை நீட்டினால் போர்வைதான் அகப்பட்டது. புத்தி பேதலித்துவிட்டது என்றே நம்பினாள். வெளியே சொன்னால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, கணவன் முத்துக்கிருஷ்ணனிடம்கூட ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. கால் போனவர்களுக்கு அது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது.

கடை முதலாளி பார்க்க வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி.

"ஆவணி முகூர்த்தம் வரைக்கும் ஒன் எடத்துல ஆள் போட மாட்டேம்மா. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது. நிக்க முடியலேன்னாச் சொல்லு, கீழ பேக்கிங்ல ஒக்காந்து பை போடலாம்" என்றார்.

பை போடுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் சேலையை உதறித் தோளில் போட்டு, முந்தானையைக் கையில் ஏந்தி, கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதில் பானுப்ரியாவை அடித்துக்கொள்ள அந்த வீதியிலேயே ஆளில்லை. அதற்கு நிற்க வேண்டும். மெத்தை விரித்த மேடையில் காலையிலிருந்து கடை அடைக்கும் வரை வெறுங்காலோடு நிற்க வேண்டும். பட்டுச் சேலை புரளும் இடத்தில் யார் செருப்பை விடுவார்கள்?

வைகாசியில் ஆஸ்பத்திரியிலேயே செயற்கைக் கால் செய்து தரும் பிரிவுக்குப் போனார்கள். அளவு சொன்னால் எடுத்துத் தருவார்கள், அன்றைக்கே மாட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அங்கே கால் செய்கிற ஃபாரிஸ் சிரித்தான்.

"ரெடிமேட் இல்லக்கா. ஜாக்கெட் தைக்கிற மாதிரிதான். அளவெடுக்கணும், போட்டுப் பாக்கணும், பிடிக்கிற எடத்தச் சரி பண்ணணும். ஒங்க கால்ல இன்னும் வீக்கம் இருக்கு. அது வடிஞ்சாத்தான் அளவு நிக்கும்."

நாலு வாரம் மிச்சக் காலைப் பட்டைத் துணியால் இறுக்கிச் சுற்றியே வைத்திருந்தாள். பிறகு ஒருநாள் ஈர மாவுக்கட்டு போட்டு அச்செடுத்தார்கள். முதலில் சில்லென்று இருந்தது, செத்த நேரத்தில் சுட ஆரம்பித்தது. வெந்துபோகிறது என்று பயந்து முத்துக்கிருஷ்ணனின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். "எறுகும்போது அப்டித்தான் சூடாகும்க்கா" என்றான் ஃபாரிஸ். அச்சை உருவியபோது இருக்கிற காலும் அதோடு கழன்று வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வரவில்லை.

கிளம்பும்போது ஃபாரிஸ் சொன்னான். "அடுத்த வாட்டி, தெனமும் போடுற செருப்பக் கொண்டாங்க. அதோட ஒசரத்துக்குத் தக்கனதான் காலை நிப்பாட்டணும்."

தினமும் போட்டது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. அதையா நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு எடுத்துப் போவது? முத்துக்கிருஷ்ணனுக்கும் மானப் பிரச்சினைதான். ஒன்றரை அங்குலக் குதிகாலும் பின்னால் வாரும் வைத்த புதுச் செருப்பு வாங்கி வந்தான். போட்டுப் பார்க்கும் அன்று டப்பாவிலிருந்து எடுத்து அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். மண் படாத செருப்பு, உள்ளே போட்டால் தப்பில்லை. இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து நடந்தாள். நன்றாகவே நடந்தாள். மறுபடி மறுபடி நடக்க வைத்து, நாலு தடவை திருகித் திருத்திய பிறகுதான் ஃபாரிஸ் விட்டான். "செருப்போடதான் நடக்கணும்" என்று சொல்லி அனுப்பினான். ஆஸ்பத்திரித் தரைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஆடியில் கால் வீட்டுக்கு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு எட்டு வைத்தாள். யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை அரிசி வாளியில் இடித்தது.

முத்துக்கிருஷ்ணன் லோடு ஆட்டோவில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தான். அவளே எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதே இழுப்பு. அதற்கு அடுத்த நாளும். கம்பியைப் பிடித்து ஒழுங்காக நடந்த கால் வீட்டுக்குள் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டினாள். சொன்னால் காலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ, இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்பார்களோ என்று பயம். கணவன் கேட்டால் "நல்லாத்தான் நடக்குறேன்" என்பாள். அவன் அந்தப் பக்கம் போனதும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள்.

நர்கீஸ் போன் செய்தாள். "எப்ப வாரே? முதலாளி நேத்து ஒரு பொண்ண வரச்சொல்லிப் பாத்தாரு. அதுக்கு முந்தானை எது, ஒடம்பு எதுன்னே தெரியலடி."

அன்று சோறு இறங்கவில்லை.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, காலைச் சோதித்துப் பார்க்க வரச்சொன்னார்கள். இப்போது அந்தச் செருப்பு தெருவில் நடந்து சாணியும் சகதியும் மிதித்த செருப்பு. வாசலிலேயே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். ஃபாரிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்தான்.

"அக்கா, செருப்பெங்க?"

"வாசல்ல தம்பி."

"வீட்லயும் வாசல்லதானா?"

"பின்ன, வீட்டுக்குள்ள சாமி படம் இருக்கு, செருப்பப் போட்டா நடப்பாக?" என்றவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விழுந்தது, மறைத்தது, அரிசி வாளி, கடைக்கு வந்துபோன பெண் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். விழுந்தது முத்துக்கிருஷ்ணனுக்கே அப்போதுதான் தெரியும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபாரிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டான். "தப்பு என்னோடதுக்கா. நான் கேட்டிருக்கணும். இந்தக் கால் அந்தக் குதிகால நம்பி நிக்கிது. செருப்பக் கழத்துனா பின்னாடி எறங்கிரும், ஒங்களயும் சேத்துத் தள்ளிரும். நீங்க ஒழுங்காத்தான் நடந்திருக்கீங்க. சரி, ரெம்ப நேரம் எங்க நிப்பீங்க?"

"மெத்தையில. வெறுங்கால்ல."

ஒரு சின்னச் சாவியை எடுத்துக் கணுக்கால் பக்கம் திருகினான். நிற்க வைத்துப் பார்த்தான். இன்னும் அரைச் சுற்று. பிறகு நடக்கச் சொன்னான். முந்தானையை யாரும் இழுக்கவில்லை. இனி வெளியே போட எது சரிப்படும் என்று கேட்டாள். தட்டையான செருப்பு, பழைய ரப்பர் செருப்பே போதும் என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மெத்தை அமுங்கும். வீட்ல போர்வைய மடிச்சுப் போட்டு நின்னு பழகுங்க. திரும்பும்போது மட்டும் ஒரே காலச் சுத்தாதீங்க, சின்னச் சின்ன எட்டா வச்சுத் திரும்புங்க."

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மேடையில் ஏறினாள். முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தையன்கோட்டையிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். பானுப்ரியா அரக்குச் சேலை ஒன்றை உதறித் தோளில் போட்டாள். மெத்தை அமுங்கியது. கால் நின்றது.

"செத்தத் திரும்பிக் காட்டும்மா. பின்னால எப்டி விழுதுன்னு பாக்கணும்."

பக்கத்தில் நர்கீஸ் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பானுப்ரியா ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று. மூன்றாவது எட்டில் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கியது, விழப்போகிறோம் என்றே நினைத்தாள். நாலாவது எட்டில் முதுகு திரும்பியிருந்தது. அப்படியே சுற்றி, மறுபடி முன்னால் வந்து நின்றாள். அந்த அம்மா அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"கலர் எடுப்பா இல்ல. வேற எடுத்துப் போடு."

பதினாறு வருஷமாக வயிற்றெரிச்சலோடு கேட்ட சொல். "இந்தா எடுக்குறேங்க்கா" என்று, கண் கலங்கியது தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சேலைக்குக் கை நீட்டினாள்.