மிதிகட்டை தெரியாத கால்

முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பிய பிறகு கொஞ்ச காலம் நான் நன்றாகவே இருந்தேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு வந்த பயம் அத்தனை பெரிதாகத் தெரிந்ததற்கு அந்த நல்ல நாட்களும் ஒரு காரணம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே எங்கள் தறி. நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வேன். மனைவி என் வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான இழை சுற்றிய நாடாக் கட்டையை வீசித் தருவாள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலைக்கு இப்படி இரண்டு பேர் வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அந்த இடத்தில் அவள்தான்.

முதலில் வந்த வலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடுப்பில் பிடித்து, இடது தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வரை வெட்டி இழுக்கும். எண்ணெய், பத்து, ஒத்தடம் எல்லாம் பார்த்தோம். கடைசியில் நிற்கவும் முடியாமல் போனபோது மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று சொல்லி, அதை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் காலில் அந்த வெட்டு இல்லை. தையல் போட்ட இடத்தில் மட்டும் வலித்தது. அதை ஒரு வலியாகவே நான் எண்ணவில்லை.

டாக்டர் சொன்ன காலம்வரை பாயிலேயே கிடந்தேன். அதன்பிறகு மெதுவாகத் தறியில் இறங்கினேன். கொஞ்ச நேரம் நெய்வது, கொஞ்ச நேரம் படுப்பது என்று நாட்கள் போயின. இடுப்பில் ஒரு இறுக்கம் எப்போதும் இருந்தது. அதோடு வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை, டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். எதிர் வரிசையில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, செருப்ப உட்டுட்டுப் போறியே."

திரும்பிப் பார்த்தேன். என் இடது கால் செருப்பு நாலைந்து வீடு தள்ளித் தெருவில் கிடந்தது. குனிந்து காலைப் பார்த்தேன். வெறுங்கால். சரளைக் கல் நிறைந்த மண்ணில் அத்தனை தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், கால் எனக்குச் சொல்லவில்லை. போய் எடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு சிறு கல் சதைக்குள் அழுந்தி இருந்தது. அதைப் பிடுங்கினேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. 

அதற்குப் பிறகு அந்தக் காலை நான் வேவு பார்க்கத் தொடங்கினேன். கிள்ளுவேன், ஊசியால் தொடுவேன், குளிக்கும்போது வெந்நீரை முதலில் வலது காலிலும் பிறகு இடது காலிலும் ஊற்றுவேன். சுண்டுவிரல் பக்கத்தில் தொடங்கிய மரப்பு பாதம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதே பாதம் சில சமயம் மிளகாய் அரைத்துப் பூசியதைப்போல எரியும். தொட்டால் தெரியாத இடம் தொடாமலே எரிந்தது. இது என்ன வகை நோய் என்று எனக்குப் புரியவில்லை. பழைய வலியாவது என்னுடையது என்று தெரிந்திருந்தது. அது எனக்குப் பழகியும் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. தெருவில் ஏற்கெனவே பேச்சு உண்டு. முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்று நான் ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்பே பலர் சொல்லியிருந்தார்கள். நான் நடந்து திரும்பி வந்ததைப் பார்த்து அவர்கள் வாயடைத்துப் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் நெய்துகொண்டிருக்கும்போது மனைவி நாடாவை வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று பார்த்தேன். மிதி மாறிவிட்டது என்றாள். இடது கால் கட்டையிலிருந்து வழுக்கி, குழியின் தரையை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் கட்டையை மிதித்ததாக நினைத்து இழையை ஓட்டியிருக்கிறேன். தப்பாக ஓடிய இழையை இருவரும் பிரித்து எடுத்தோம். அதற்குப் பிறகு நெய்வதை நிறுத்தி நிறுத்திக் குழிக்குள் குனிந்து என் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரையில் ஏனாத்தூரிலிருந்து என் மைத்துனர் வந்தார். சாப்பிடும்போது பேச்சுவாக்கில், மாகறலில் தனக்குத் தெரிந்த ஒருவர் என்னைப்போலவே முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்றும், இரண்டு காலும் போய்க் கட்டிலில் கிடக்கிறார் என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஆனது எல்லாருக்கும் ஆகுமா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

அந்த மனிதரைப் பார்க்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் முகம் தெரியாத அவர்தான் வந்தார். ஒரு திங்கட்கிழமை, மாகறல் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எலும்பு நோவுக்கு வேண்டிக்கொண்டு அந்தச் சிவன் கோயிலுக்குப் பலரும் போவதுண்டு. அதனால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காது. பஸ் குலுங்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை. அந்தப் போர்வைக்குள் கால்கள் சூம்பிக் கிடந்ததை என்னால் பார்க்கவே முடியவில்லை. யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கடலையை ஒதுக்கி வைத்துவிட்டு, என் காலைக் கட்டில்மேல் வைக்கச் சொன்னார். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தித் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"ஒண்ணுக்குப் போறது சரியா இருக்குதா?" என்றார்.

 காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"எல்லாரும் ஆபரேஷனால கால் போச்சுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. அப்படி இல்லபா. ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு. அப்பால ஒரு வருசம் கழிச்சுத் திரும்ப மரத்துக்கினு வந்துச்சு. மொதல்ல கால். அப்புறம் குந்துற எடம். அப்புறம் ஒண்ணுக்கு வந்தாலும் தெரியல. இத போயி யாருகிட்ட சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கினு இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப்போச்சு."

 ஒரு கை கடலையை அள்ளி என் துண்டில் போட்டார். நான் கோயிலுக்குப் போகாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேவு பார்க்கக் காலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் குடிக்கவே பயந்தேன். குடிக்காமலிருந்தால் எப்படித் தெரியும் என்று பயந்து குடித்தேன். பலகையில் உட்காரும்போது பலகை தெரிகிறதா என்று பார்த்தேன். சில நாள் தெரிந்தது, சில நாள் தெரிகிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பயத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்றும் நினைத்தேன்.

வைகாசிக் கருட சேவை அன்று காலை. விடியற்காலையிலிருந்தே ஊருக்குள் ஜனம் வந்துகொண்டிருந்தது. நான் புழக்கடையில் குளிக்க உட்கார்ந்தேன். கல்லின் குளிர்ச்சி தொடைக்குத் தெரிந்தது. உட்காரும் இடத்துக்குத் தெரியவில்லை. எழுந்து சுவரோரமாகப் போய் நின்றேன். அடிவயிறு கல்லாக இருந்தது. எத்தனை முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. சரி என்று திரும்பி நடந்தபோது என் வலது கால் நனைவது மட்டும் தெரிந்தது. வருவது தெரியவில்லை.

உள்ளே போய் அப்படியே மனைவி முன்னால் நின்றேன்.  கால் மரத்துப்போய் மூன்று மாதமாகிறது, இப்போது இதுவும் போய்விட்டது என்று எப்படியோ சொன்னேன்.

அவள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"கால் எனக்குத் தெரியும். மிதி மாறிச்சே, அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நான் கேட்டா ரொம்ப பயந்துடுவீங்கன்னு எனக்கு பயமா இருந்துச்சுங்க. இது எனக்குத் தெரியாது. கெளம்புங்க, போவலாம்."

வேஷ்டி மாற்றிக்கொண்டு கிளம்பினோம். தெருவெல்லாம் ஜனம் எங்களுக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் சந்து சந்தாகப் புகுந்து பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். இன்றைக்குப் போய் சாமி பார்க்காமல் ஊரைவிட்டுப் போகிறீர்களே என்று கேட்டார். மனைவி அவர் கையில் காசைக் கொடுத்துவிட்டு என்னைப் பிடித்து இறக்கினாள். வந்து நின்ற பஸ்களிலிருந்து ஆட்கள் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். மெட்ராஸுக்குக் கிளம்பிய பஸ்ஸில் எங்களையும் சேர்த்து ஒருசிலர்தான். கடைசி நீள சீட்டில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். வழியெல்லாம் வலது கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே போனேன். ஆட்டுவதை நிறுத்தினால் அந்தக் காலும் போய்விடும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஊசியால் குத்தும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போயிற்று. எப்போது தொடங்குவார் என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

முதுகுத்தண்டில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். முன்பு வெட்டிய இடத்துக்குக் கீழே இன்னொரு துண்டு பெரிதாகப் பிதுங்கி நரம்புகளை மொத்தமாக நசுக்குகிறது என்றார் டாக்டர். உடனே திறக்க வேண்டும் என்றார்.

"கால் வருமா சார்?" என்றேன்.

"சொல்ல முடியாதுப்பா. மூத்திரம் வரலாம். வலி முழுசா போவாது. ஆனா இன்னும் காத்திருந்தா ரெண்டு காலும் போயிடும்."

முதல் தடவை ஆபரேஷனுக்குப் போகும்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. இந்தத் தடவை எல்லாம் தெரிந்திருந்தது. தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது மாகறல்காரரின் போர்வை ஞாபகத்துக்கு வந்தது. இறக்கிவிடுங்கள் என்று கத்தினேன் என்று மனைவி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்து அதை எடுத்தார்கள். எடுத்த அன்று காலையிலிருந்து மத்தியானம்வரை ஒன்றும் வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், வராவிட்டால் திரும்பக் குழாய்தான் என்று சொல்லிப் போனாள். மனைவி திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். நான் வயிற்றை அழுத்திக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு மெல்லச் சூடாக ஏதோ இறங்கியது. வருவது எனக்குத் தெரிந்தது. பாத்திரத்தில் விழுந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காருவது தெரிந்தது.

கால் அவ்வளவாகத் திரும்பவில்லை. கட்டைவிரல் அசைகிறது, பாதம் தொங்குகிறது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரல்களுக்கு அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டால் தடுக்கி விழாமல் நடக்கலாம். இதை நானே செய்து பார்த்துக் கண்டுபிடித்தேன். எரிச்சல் போகவே இல்லை.

மிதிகட்டையை இனி என்னால் நம்ப முடியாது. அதனால் நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். அவள் குழியில் இறங்கினாள். நான் அவள் வலப்பக்கம் இடது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கரை நாடாவை வீசினேன். முதல் நாட்களில் அவளுக்கு என்மேல் பயங்கர எரிச்சல். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆளுக்கு இது தெரியாதா என்றாள். நான் பார்த்ததில்லை, என் பக்கத்து வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

காலையில் நான் புழக்கடையிலிருந்து வரும்போது, சரியாகப் போயிற்றா என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வீட்டில் யார் இருந்தாலும் கேட்பாள். ஒரு தடவை மைத்துனர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போயிற்று என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் கால் அதிகமாக எரியும். எரிச்சல் கூடினால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டதோ என்று பயம் வந்துவிடும். வருஷங்கள் போயும் அந்தப் பயம் கொஞ்சமும் தேயவில்லை. அப்போதெல்லாம் தறியை நிறுத்திவிட்டுப் பாயில் குப்புறப் படுத்துக்கொள்வேன். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பாள். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த விரலை விட்டுவிடுவாள். பிறகு வேறு விரலைப் பிடித்து, இப்போது சொல்லுங்கள் என்பாள்.